கூட யாரு வந்திருக்கா?

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கும், உலகச் சிறுநீரக தினக் கூட்டம் என்று கேள்விப்பட்டு வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிற உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். 'நாள்பட்ட நோயில் அதிகம் தேய்வது நோயாளியா, கூட இருப்பவரா?' நான் கூட இருப்பவர் பக்கம் பேச வந்திருக்கிறேன். என்னை அழைத்தபோது முன்வரிசையில் ஒருவர், "இவரு டயாலிசிஸ்ல இருக்கறவராச்சே, அணி மாத்திப் போட்டுட்டாங்களா?" என்று பக்கத்தில் கேட்டது என் காதில் விழுந்தது. மாற்றிப் போடவில்லைங்க. நானே கேட்டு வாங்கிய அணி இது.

எனக்கு முன்னால் பேசிய தலைமையாசிரியர் ஐயாவின் துணைவியார் இருபது வருஷம் முடக்குவாதத்தோடு இருந்தவர். காலையில் எழுந்ததும் விரல் விறைத்துப்போய் டம்ளரைப் பிடிக்க முடியாமல் அவர் அழுததை ஐயா சொன்னபோது எனக்கும் கண் கலங்கியது. வலி உடம்புக்குச் சொந்தக்காரருக்கு மட்டும்தான், பக்கத்தில் நிற்பவர் முகத்தைச் சுளிக்கலாம், அவர் கையில் ரத்தம் வராது என்றார். அவருக்குப் பின் பேசிய செவிலியர் அம்மா இரண்டு விஷயம் சொன்னார். கூட இருப்பவர் முடியாது என்றால் எழுந்து போய்விடலாம், நோயாளி தன் உடம்பை விட்டு எங்கே போவார் என்று ஒன்று. கூட இருப்பவருக்குத் தாகம் எடுத்தால் ஒரு சொம்பு தண்ணீர் குடிக்கலாம், டயாலிசிஸ் நோயாளியால் அது முடியாது என்று இன்னொன்று.

வலியைப் பற்றி நான் மறுத்துப் பேசப்போவதில்லை. இந்த இடது கையைப் பாருங்கள், முழங்கைக்குக் கீழே கயிற்றைச் சுருட்டி உள்ளே வைத்த மாதிரிப் புடைத்திருக்கிறதே, இதுதான் ஃபிஸ்டுலா. டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய் இரண்டைச் சேர்த்துத் தைத்தது. எனக்கு 2019 ஆயுத பூஜை சமயத்தில் டயாலிசிஸ் ஆரம்பித்தது. செவ்வாய், வியாழன், சனி. முறைக்கு நாலு மணி நேரம். 900 முறைக்கு மேல் ஆகிவிட்டது, ஒவ்வொரு முறையும் இரண்டு ஊசி, அதுவும் சாதாரண ஊசி இல்லை, நான் தையல்காரன், எங்களுக்குக் கோணி ஊசி தெரியும், பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஞாபகம்தான் வரும். மூன்றாவது மணி நேரத்தில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். பிபி சரிந்தால் கண் இருட்டும். வீட்டுக்கு வந்தால் அன்று முழுக்க துவைத்துப் போட்ட துணி மாதிரிக் கிடப்பேன். ஆக, எதிரணி சொன்ன எதையும் நான் கேள்விப்பட்டுப் பேசவில்லை. அத்தனையையும் பட்டவன் நான், பட்ட பிறகுதான் இந்தப் பக்கம் வந்து நிற்கிறேன்.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். உங்கள் சிறுநீரகம் அந்த 168 மணி நேரமும் வேலை செய்கிறது. எனக்கு மெஷின் வேலை செய்வது 12 மணி நேரம். அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில் என்னைப் பார்த்துக்கொள்ள டெக்னீசியன் இருக்கிறார், டாக்டர் இருக்கிறார், முறைக்குக் கிட்டத்தட்ட 120 லிட்டர் சுத்திகரித்த தண்ணீர் ஓடுகிறது, செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. மீதி 156 மணி நேரம்? அதை யார் ஓட்டுகிறார்கள்? என் வீட்டில் அதை ஓட்டுவது ஒரே ஒரு ஆள், என் மனைவி. அவளுக்கு ஷிஃப்ட் கிடையாது, மாற்றிவிட ஆள் கிடையாது.

அந்த 156 மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், வெளியே இருந்து பார்த்தால் சமையல் மாதிரித்தான் தெரியும். காயை நறுக்கி வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி வேறு தண்ணீரில் வேகவைத்து, அதையும் கொட்டி, அப்புறம்தான் தாளிக்க வேண்டும். பொட்டாசியம் இறங்குவதற்காக. பொட்டாசியம் ஏறினால் வலிக்காது, பல நேரம் அறிகுறியே காட்டாமல் இதயத்தை நிறுத்திவிடும். அதனால் எனக்கு ஒரு சட்டி, பிள்ளைகளுக்கு ஒரு சட்டி. ரத்தத்தில் பாஸ்பரஸ் ஏறாமல் இருக்க ஒரு மாத்திரை இருக்கிறது, சாப்பாட்டோடு சேர்த்துத்தான் உள்ளே போக வேண்டும், நான் மறந்துவிடுவேன் என்று முதல் கவளம் வாய்க்குப் போகும்போதே அவள் கையில் மாத்திரை இருக்கும். ரத்தம் ஊறுவதற்குப் போடுகிற ஊசியை ஃபிரிட்ஜில் 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவில் வைக்க வேண்டும். கரண்ட் போய் ஒரு மணி நேரம் தாண்டினால் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு ஐஸ் வாங்க ஓடுவாள். தினம் காலையில் என்னை எடை பார்ப்பாள். ஒரு கிலோ ஏறியிருந்தால் ஒரு லிட்டர் நீர் உடம்பில் நின்றுவிட்டது என்று அர்த்தம். ராத்திரி நான் இன்னொரு தலையணை கேட்டால் போதும், நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிடும், அதற்கப்புறம் அவள் படுக்க மாட்டாள், சுவரில் சாய்ந்து உட்கார்ந்து என் மூச்சை எண்ணிக்கொண்டிருப்பாள். இது எனக்கு ரொம்ப நாள் தெரியாது, நான்தான் தூங்கிவிடுவேனே. என் மகள் சொல்லித்தான் தெரியும்.

ஒரு சொந்தக்காரர் அன்போடு ஒரு பாக்கெட் உப்பு வாங்கி வந்தார், சோடியம் குறைந்த உப்பு, கிட்னிக்கு நல்லது என்று கடையில் சொன்னார்களாம். என் மனைவி எட்டாம் வகுப்போடு நின்றவள். பாக்கெட்டைத் திருப்பி, அதில் இருந்த பொடி எழுத்தை மகளை விட்டு வாசிக்கச் சொன்னாள். சோடியத்தைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் பொட்டாசியத்தைச் சேர்த்திருக்கிறார்கள். எனக்கு அது ஆகவே ஆகாது. இதை எந்த டாக்டரும் அதுவரை எங்களுக்குச் சொன்னதில்லை. பொட்டாசியம் என்ற சொல்லைக் கண்டால் நிறுத்து என்று அவளே கற்றுவைத்திருந்தாள்.

எங்கள் ஊர் பாபநாசம் பக்கம். எங்கு பார்த்தாலும் தென்னையும் வாழையும். பார்க்க வருகிறவர்கள் கையில் ஒரு சீப்பு பழமும் இரண்டு இளநீரும் இல்லாமல் வர மாட்டார்கள், அது நம் ஊர் மரியாதை. இரண்டிலும் அந்தப் பொட்டாசியம் அதிகம். என் பெரியம்மா இளநீரை வெட்டிக் கையில் கொடுத்தார். என் மனைவி வாங்கி வைத்துவிட்டாள். பெரியம்மா தெருமுனைக்குப் போவதற்குள் ஊருக்கே செய்தி போய்விட்டது: 'ஒரு இளநி குடிக்கக்கூட விட மாட்டேங்கறா, அவன் எப்படித் தேறுவான்?' யோசித்துப் பாருங்கள், இளநீர் வேண்டாம் என்று டாக்டர் எனக்குச் சொன்னால் அது மருத்துவம், அதையே அவள் நிறைவேற்றினால் அது கொடுமை! நோயாளி மேல் ஊர் பரிதாபப்படும், கூட இருப்பவர் மேல் ஊர் தீர்ப்பு சொல்லும். பெண்ணாக இருந்தால் தீர்ப்பு இன்னும் சீக்கிரம் வரும். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கில், வீட்டில் இருப்பவர்களைக் கூலி இல்லாமல் கவனித்துக்கொள்கிற பெண்கள் அதற்குத் தினம் 134 நிமிஷம் செலவழிக்கிறார்கள், அதே வேலையைச் செய்கிற ஆண்கள் 76 நிமிஷம். எங்கள் வீட்டில் நிமிஷக் கணக்கே கிடையாது, ராத்திரியும் சேர்த்தி.

இப்போது செவிலியர் அம்மா சொன்ன தண்ணீருக்கு வருகிறேன். எனக்கு நாளைக்கு முக்கால் லிட்டர். காபி, ரசம், மாத்திரைக்குக் குடிக்கிற தண்ணீர் எல்லாம் சேர்த்து முக்கால் லிட்டர். காலையில் ஒரு பாட்டிலில் நிரப்பி வைத்துவிடுவாள். சித்திரை வெயிலில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அம்மா சொன்னது அத்தனையும் சரி. ஆனால் அம்மா, என் மனைவி தண்ணீர் குடித்து நான் பார்த்து ஆறு வருஷம் ஆகிறது. என் எதிரில் குடிக்க மாட்டாள். சாப்பிட உட்கார்ந்தால் அவள் தட்டுக்குப் பக்கத்தில் டம்ளர் இருக்காது. தாகம் எடுத்தால் கொல்லைக்குப் போய்க் குழாயடியில் குடித்துவிட்டு, முந்தானையில் வாயைத் துடைத்துக்கொண்டு வருவாள். ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் என் கட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பாள், அங்கே கொல்லை ஏது? அதனால் குடிப்பதே இல்லை. எனக்குத் தாகத்தைக் கொடுத்தது நோய், அவளுக்கு யார் கொடுத்தார்கள்? ஒரே வீட்டில் இரண்டு பேர் தாகமாக இருந்தோம். ஒருவருடைய தாகம்தான் நோட்டுப் புத்தகத்தில் ஏறியது.

எழுந்து போய்விடலாம் என்று சொன்னாரே, அதையும் பார்ப்போம். எனக்கு முடிவு எடுக்க எதுவுமே இல்லை. செவ்வாய்க்கிழமை வந்தால் போக வேண்டும், போகாவிட்டால் சனிக்கிழமை இருக்க மாட்டேன், அவ்வளவுதான். அவளுக்குக் கதவு திறந்திருக்கிறது, உண்மை. அதனாலேயே ஒவ்வொரு நாள் காலையிலும் இருப்பதா வேண்டாமா என்பதை அவள்தான் தன் மனசுக்குள் பேசி முடிக்க வேண்டியிருக்கிறது. அம்மா வீட்டில் ஒரு கல்யாணம் வந்தால், போய்விட்டு ராத்திரிக்குள் திரும்பிவிடலாமா என்று பஸ் கணக்குப் பார்த்து, கடைசியில் போகாமல் இருந்துவிட்டு, அதற்கும் ஒரு வருத்தத்தைச் சுமக்க வேண்டும். போனாலும் குற்ற உணர்ச்சி, இருந்தாலும் ஏக்கம். எனக்கு அந்தப் பாரம் ஒருநாளும் இருந்ததில்லை.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பஸ் நின்றுவிட்டது. தஞ்சாவூர் எங்களுக்கு 25 கிலோமீட்டர். வாடகைக் கார் முதல் வாரம் இரண்டு நடை வந்தது, அப்புறம் கேட்ட காசு எங்களால் முடியவில்லை. என் மச்சான் வீட்டில் ஒரு பழைய டி.வி.எஸ். 50 இருந்தது. அதுவரை சைக்கிள்கூட ஒழுங்காக ஓட்டாத என் மனைவி, களத்துமேட்டில் இரண்டு சாயங்காலம் பழகிவிட்டு மூன்றாம் நாள் விடிகாலை நாலரை மணிக்கு என்னை உட்கார வைத்து ஓட்டினாள். போகும்போது பரவாயில்லை. திரும்பும்போதுதான் பிரச்சினை, மெஷினிலிருந்து இறங்கினால் எனக்குத் தலை சுற்றும், பின்னால் உட்கார்ந்து நான் சரிந்துவிட்டால்? ஒரு பழைய புடவையை எடுத்து என் இடுப்பையும் அவள் இடுப்பையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். வழியில் போலீஸ்காரர் நிறுத்தினார், டயாலிசிஸ் நோட்டைக் காட்டினோம், அவர் நோட்டைப் பார்க்கவில்லை, அந்தப் புடவை முடிச்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டார். பஸ் மறுபடி ஓடும்வரை அப்படித்தான் போனோம். அவள் முதுகில் சாய்ந்துகொண்டு நான் தூங்கிப்போன நாளும் உண்டு. சரிந்து விழுந்திருந்தால் யாருக்கு அடிபட்டிருக்கும்? முடிச்சு ஒன்றுதானே, ரெண்டு பேருக்கும்தான்.

சரி, இதெல்லாம் என் வீட்டுக் கதை, பொதுவாகச் சொல் என்று நடுவர் கேட்கலாம். கேளுங்கள். நோயாளியின் வலிக்கு உலகம் முழுக்க ஆள் போட்டு வேலை நடந்திருக்கிறது. 1943இல், போர் நடந்துகொண்டிருந்த நெதர்லாந்தில், கோல்ஃப் என்ற டாக்டர் நடைமுறைக்கு உதவுகிற முதல் செயற்கைச் சிறுநீரகத்தைச் செய்தார். 1966இல் நியூயார்க்கில் இந்த ஃபிஸ்டுலாவைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். 1971இல் நம் வேலூர் சி.எம்.சி.யில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. ரத்தம் ஊறுவதற்கான ஊசிக்கு 1989இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அந்த ஒவ்வொருவரையும் நான் மனசுக்குள் கும்பிடுகிறேன், அவர்களால்தான் இந்த மேடையில் நிற்கிறேன். இந்த எண்பது வருஷத்தில் கூட இருப்பவர் ஒரு ராத்திரி நிம்மதியாகத் தூங்குவதற்கு நம் ஊரில் என்ன ஏற்பாடு செய்தோம்? டயாலிசிஸ் பிரிவு வாசலில் சாய்வதற்கு ஒரு பெஞ்சு இருந்தால் அதிகம். ரயில்வே மட்டும் ஒன்றைப் புரிந்துவைத்திருக்கிறது, டயாலிசிஸுக்கு ரயிலில் போகிற நோயாளிக்குக் கட்டணச் சலுகை இருப்பது போலவே கூடப் போகிற ஒருவருக்கும் சலுகை உண்டு. ரெண்டு பேரும் சேர்ந்துதான் ஒரு பயணம் என்று டிக்கெட் கவுண்டருக்குத் தெரிந்திருக்கிறது.

இப்போது நான் சொல்லப்போவதுதான் என்னை இந்த அணிக்குக் கொண்டுவந்த விஷயம்.

மூன்று வருஷம் முன்னால் என் மனைவி தன் சிறுநீரகத்தில் ஒன்றைத் தருகிறேன் என்றாள். நான் வேண்டாம் என்றேன். நம் நாட்டில் உயிரோடு இருந்து சிறுநீரகம் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், வாங்கிக்கொள்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அந்தக் கணக்கில் நானும் ஒருவனாக வேண்டாம் என்று நினைத்தேன். அவள் விடவில்லை. ரத்த வகை ஒத்துப்போனது. சரி என்று பரிசோதனைக்குப் போனோம். அவளுக்குப் பரிசோதனை நடக்கும்போது நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். ஆறு வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் நாங்கள் இடம் மாறி உட்கார்ந்தோம்.

டாக்டர் என்னையும் உள்ளே கூப்பிட்டார். அவளைப் பார்த்து, "அம்மா, உங்களுக்கு எத்தனை வருஷமா சுகர் இருக்கு?" என்று கேட்டார். அவள், "எனக்கா?" என்றாள். மூன்று மாதச் சர்க்கரை அளவு 9க்கு மேல். பிபி 170க்கு மேல். தானம் கொடுக்க முடியாது, உடனே நீங்கள் வைத்தியம் பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் கிட்னியும் போய்விடும் என்றார். வெளியே வந்து அழுதாள். தனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று அழவில்லைங்க, எனக்குக் கொடுக்க முடியாமல் போய்விட்டது என்று அழுதாள்.

அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை. அதுவரைக்கும் 500 முறை இருக்கும், டயாலிசிஸ் போய் வந்தது. ஒவ்வொரு முறையும் மணிக்கு ஒரு தடவையாவது எனக்கு பிபி பார்ப்பார்கள். ஆக ஆயிரக்கணக்கான தடவை அந்தப் பட்டை என் கையில் ஏறி இறங்கியிருக்கிறது. அத்தனை தடவையும் அவள் மூன்றடி தூரத்தில் நின்றிருக்கிறாள். ஒரு தடவைகூட, ஒரே ஒரு தடவைகூட, அந்தப் பட்டை அவள் கைக்குப் போகவில்லை. டெக்னீசியனுக்குத் தோன்றவில்லை, டாக்டருக்குத் தோன்றவில்லை, எனக்குத் தோன்றவில்லை. 2021இலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் என்று வீடு வீடாக வந்து சர்க்கரையும் பிபியும் பார்க்கிறார்களே, எங்கள் தெருவுக்கும் வந்திருக்கிறார்கள். எங்கள் வீடு பூட்டியிருந்தது. என்னைக் கூட்டிக்கொண்டு அவள் தஞ்சாவூர் போயிருந்தாள். சிறுநீரகம் கெடுவதற்கு முதல் இரண்டு காரணமே சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும்தான். அது தெரிந்த வீட்டிலேயே, அந்த இரண்டும் வந்து உட்கார்ந்திருப்பது தெரியாமல், என் சட்டிக்குக் காயை இரண்டு தடவை வேகவைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய சிறுநீரகம் எனக்குத் தேவைப்பட்டபோதுதான் அவள் உடம்பை முதல்தடவையாக ஒருவர் முழுசாகப் பார்த்தார்.

தேய்வது என்று தலைப்பில் சொல்லியிருக்கிறீர்கள். அதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். என் மகள் நர்சிங் படிக்கிறாள், அவள் எனக்கு இரண்டு ஆய்வை விளக்கிச் சொன்னாள். 1995இல் அமெரிக்காவில், மறதி நோய் வந்த உறவினரைப் பார்த்துக்கொள்கிற 13 பெண்களையும், அப்படி யாரையும் பார்த்துக்கொள்ளாத அதே வயதுள்ள 13 பெண்களையும் எடுத்துக்கொண்டு, எல்லோருக்கும் முன்கையில் 3.5 மில்லிமீட்டர் அளவுக்கு ஒரே மாதிரி சின்னக் காயம் பண்ணி, எத்தனை நாளில் ஆறுகிறது என்று பார்த்தார்கள். பராமரிக்கிற பெண்களுக்கு ஆற சராசரியாக 9 நாள் அதிகமாயிற்று. இன்னொன்று 2004இல். நாள்பட்ட நோய் உள்ள பிள்ளைகளின் தாய்மார்களை வைத்துச் செய்தது, செய்தவர்களில் ஒருவரான எலிசபெத் பிளாக்பர்னுக்கு டெலோமியர் பற்றிய வேறு கண்டுபிடிப்புக்காக 2009இல் நோபல் பரிசு கிடைத்தது. டெலோமியர் என்றால் என்ன என்று மகளைக் கேட்டேன். நம் செல்லுக்குள் இருக்கிற குரோமோசோமின் நுனி என்றாள். துணி ஓரம் பிரிந்துவராமல் இருக்க ஓவர்லாக் அடிப்போமே, அந்த மாதிரி நுனியைப் பிரியாமல் பிடித்துவைத்திருப்பது என்று எனக்குப் புரிந்தது. எத்தனை வருஷம் பிள்ளையைப் பராமரித்திருக்கிறார்களோ அதற்குத் தகுந்தாற்போல அந்த நுனி தேய்ந்து குட்டையாகியிருந்தது. எதிரணி ஐயா, பக்கத்தில் நிற்பவர் கையில் ரத்தம் வராது என்றீர்கள். வராதுதான். ஆனால் ஓரம் பிரிந்துகொண்டிருக்கிறது, வெளியே தெரியவில்லை.

நம்மவர்களுக்கு இது தெரியாத விஷயமா என்றால், தெரிந்த விஷயம்தான். மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளை எடுத்துப் பாருங்கள். 'உற்றவன் தீர்ப்பான் மருந்துழைச் செல்வானென்று அப்பால்நாற் கூற்றே மருந்து.' நோயுற்றவன், தீர்க்கிற மருத்துவன், மருந்து, அப்புறம் உழைச்செல்வான், அதாவது கூட இருந்து பார்த்துக்கொள்பவன். இந்த நாலும் சேர்ந்தால்தான் மருத்துவம் என்கிறார் வள்ளுவர். என்னுடைய ஆஸ்பத்திரி ஃபைல் இந்தத் தடிமன் இருக்கும். அதில் என் பெயர் இருக்கிறது, டாக்டர் பெயர் இருக்கிறது, மருந்தின் பெயர் எல்லாம் இருக்கிறது. நாலாவது ஆளுக்கு ஒரு வரி இருக்கிறது, 'அட்டெண்டர்' என்று போட்டுக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். வார்டில் கூப்பிடும்போதும், "பேஷண்ட் கூட யாரு வந்திருக்கா?" என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் எழுந்து, "நான்தாங்க" என்பாள். ஆறு வருஷமாக அவள் பெயர் அங்கே 'நான்தாங்க'.

கேரளத்தில் ஆஷ்வாசகிரணம் என்று ஒரு திட்டம் இருக்கிறது. படுக்கையில் கிடப்பவரைப் பார்த்துக்கொள்கிறவருக்கென்றே மாதாமாதம் ஒரு சிறு தொகை கொடுக்கிறார்கள். தொகை சின்னதாக இருக்கட்டும், இவரும் ஒரு ஆள் என்று அரசாங்கத் தாளில் எழுதியிருக்கிறதே, எனக்கு அதுதான் பெரிது. இங்கே நான் கேட்பது அதைவிடச் சுலபம். டயாலிசிஸுக்கு வருகிறவர் கட்டிலில் ஏறியதும், கூட வந்தவர் கையிலும் மாதம் ஒரு தடவை அந்த பிபி பட்டையைச் சுற்றுங்கள். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பாருங்கள். மெஷின் அங்கேயே இருக்கிறது, ஆள் அங்கேயே இருக்கிறார், நாலு மணி நேரம் இருக்கிறது. இந்தக் கூட்டத்துக்கு ஆஸ்பத்திரிக்காரர்கள் சிலர் வந்திருப்பதாகச் சொன்னார்கள், அதனால்தான் இதை மைக்கில் சொல்கிறேன்.

நடுவர் ஐயா, இன்னும் ஒன்றே ஒன்று. அதைச் சொல்லாமல் இறங்கினால் நான் பேசியது முழுசாகாது. நோயாளி எரிச்சல் படுவது நோயின் ஒரு பகுதி என்று எதிரணியில் சொன்னார்கள். உண்மைதான், ராத்திரி முழுக்க உடம்பு அரிக்கும், தாகம், தூக்கமின்மை. நான் இரண்டு தடவை தட்டை விட்டெறிந்திருக்கிறேன். உப்பில்லாத சோற்றை நீயே தின்று பார் என்று கத்தியிருக்கிறேன். அவள் அந்தச் சோற்றைத்தான் தின்றுகொண்டிருந்தாள், எனக்குத் தனியாக இருக்கக் கூடாது என்று பல நாள் அவளும் என் சட்டியிலேயே சாப்பிட்டிருக்கிறாள். அது அந்த நேரத்தில் என் கண்ணில் படவில்லை. எனக்குக் கோபம் வந்தால் பாவம், நோய் என்று எல்லோரும் பொறுத்துக்கொண்டார்கள். அவளுக்கும் கோபம் வந்திருக்கும்தானே? அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டினாள்? எனக்குத் தெரியாது, நான் கேட்டதே இல்லை. போன மாதம்தான் கேட்டேன். "தையல் மெஷின்ல உக்காந்தா போயிடும்" என்றாள். பகலெல்லாம் என்னைப் பார்த்துவிட்டு, ராத்திரி பதினோரு மணிக்கு மேல் நான் விட்டுவந்த தொழிலை அவள்தான் செய்துகொண்டிருக்கிறாள், ஃபால்ஸ் அடிக்கிறாள், ஜாக்கெட் தைக்கிறாள், மகள் காலேஜுக்கு அந்தக் காசுதான் போகிறது.

உறுப்பு மாற்று ஆணையத்தில் பதிந்துவைத்துவிட்டுக் காத்திருக்கிறோம். அவளுக்கு இப்போது சர்க்கரை மாத்திரையும் பிபி மாத்திரையும் தன்னார்வலர் அம்மா வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார். வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிறார். அவளுடைய எடையையும் பிபியையும் எழுத நான் ஒரு நோட்டு போட்டிருக்கிறேன், அதில் எழுதுவது என் வேலை.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். பேசுகிற எல்லோருக்கும் முன்னால் ஒரு தண்ணீர் பாட்டில் வைத்திருக்கிறீர்கள். எனக்கும் வைத்திருக்கிறீர்கள், நன்றி, ஆனால் இன்றைய என் கணக்கு மத்தியானமே முடிந்துவிட்டது. மூன்றாவது வரிசையில் ஓரமாக, நீலப் புடவையில், மடியில் என் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, அவளும் காலையிலிருந்து குடித்திருக்க மாட்டாள். தம்பி, இந்த பாட்டிலைக் கொண்டுபோய் அவளிடம் கொடுங்கள். கொல்லைக்கெல்லாம் போக வேண்டாம். நான் பார்க்கிற மாதிரி இங்கேயே குடிக்கட்டும்.